முதல் பரிசு எந்த நாட்டுக்கு? மே மாதப் பயணக் குறிப்புகள்

ஏதென்ஸ், செவ்வாய்

அக்ரோபொலிஸ் வாசலில் வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. அதற்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ப்னிக்ஸ் குன்றில் ஈ காக்கை இல்லை. டிக்கெட் கிடையாது. பாறையிலேயே வெட்டிய ஒரு மேடை, ஏறச் சில படிகள், எதிரே அரைவட்டமாக விரியும் வெற்றுத்தரை, அவ்வளவுதான். ஏதென்ஸின் குடிமக்கள் கூடி, போர், சமாதானம், வரி என்று எல்லாவற்றையும் கை தூக்கி முடிவு செய்தது இங்கேதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டங்கள். சில முடிவுகளுக்குக் குறைந்தது 6,000 பேர் வந்தாக வேண்டும். சந்தையில் அரட்டையடித்துக்கொண்டு நிற்பவர்களைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து மேலே ஓட்டிவருவார்களாம்.

நான் கிளம்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு: ஜனநாயக சுதந்திரத்துக்கு உதாரணம் என்று ஒரே ஒரு நாட்டைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? ஒருவர் அமெரிக்கா என்பார். ஒருவர் சுவிட்சர்லாந்து. புள்ளிவிவரப் பிரியர் ஒருவர் நார்வேயை விட்டு இறங்கவே மாட்டார். பேசிப் பேசி அலுத்துப்போய், ஒரே ஷெங்கன் விசாவில் பார்க்க முடிந்த இடங்களைக் கோத்துக்கொண்டு வந்துவிட்டேன். சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போகிறவனிடம் முதலில் வங்கிக் கணக்கு விவரம் கேட்கிறார்கள் என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன்.

ஏதென்ஸை யாரும் இன்று முதல் பரிசுக்கு முன்மொழிவதில்லை. பெண்களுக்கு இங்கே இடமில்லை, அடிமைகளுக்கு இல்லை, பல தலைமுறையாக வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்கும் இல்லை. ஆனாலும் இந்த மேடைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு சம்பவம். கி.மு. 427இல் லெஸ்போஸ் தீவின் மைட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. கோபத்தில் கூடிய சபை, அந்நகரத்தின் வயது வந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்க வேண்டும் என்று முடிவு செய்தது. உத்தரவோடு கப்பல் புறப்பட்டுவிட்டது. மறுநாள் பலருக்கும் மனசு உறுத்த, சபை திரும்பக் கூடியது. முந்தின நாள் தோற்ற பக்கம் எழுந்து பேசியது. கைகள் ஏறத்தாழச் சமமாக உயர்ந்தன. ஆனாலும் முடிவு மாறிற்று. இரண்டாவது கப்பலில் துடுப்பு போட்டவர்கள், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பை விடாமலே தின்றுகொண்டு இரவு பகலாகப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த தளபதி முதல் உத்தரவை அப்போதுதான் படித்து முடித்திருந்தார். அப்படியும் கிளர்ச்சியின் தலைவர்கள் என்று சுமார் ஆயிரம் பேரைக் கொன்றார்கள். பதினொரு ஆண்டு கழித்து மெலோஸ் தீவின் ஆண்களை ஏதென்ஸ் கொன்று தீர்த்தபோது, அந்த இரண்டாவது கப்பலும் போகவில்லை.

எனக்கு இதுதான் அளவுகோல் என்று தோன்றுகிறது. ஜெயித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஜெயித்தவர்கள் எங்கும் சுகமாகத்தான் இருப்பார்கள். வாக்கெடுப்பில் தோற்றவர், மறுநாள் காலையில் என்ன செய்ய முடியும்?

ஏதென்ஸ், புதன்

அகோரா அருங்காட்சியகத்தில் காலை முழுக்கப் போயிற்று. பழைய சந்தைவெளியின் ஓரத்தில், 1950களில் திரும்பக் கட்டி எழுப்பிய நீண்ட தூண்மண்டபம். உள்ளே சிலைகளைப் பார்க்கத்தான் கூட்டம். நான் தேடிப் போனவை உள்ளங்கையில் அடங்கும் சாமான்கள்.

முதலாவது, நீதிமன்ற வாக்கு. வெண்கலத்தில் ஒரு சிறு வட்டத் தகடு, நடுவே அச்சு போல ஒரு தண்டு. ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு தருவார்கள். ஒன்றின் தண்டு கெட்டி, மற்றதன் தண்டில் துளை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டின் இரு முனைகளையும் மூடிப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டால், யாருக்கு வாக்களித்தீர்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இரகசிய வாக்கெடுப்பு என்ற மாபெரும் விஷயம் இரண்டு விரல் நுனிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் விரலை அப்படி வைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது, ஓட்டுச் சில்லுகள். ஊருக்கு ஆபத்து என்று நினைப்பவரின் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடுகள் சேர்ந்தால் அதிகம் பேர் எழுதிய ஆளுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல். அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில், ஏதென்ஸின் அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன. ஆராய்ந்து பார்த்தால் எல்லாம் 14 பேரின் கையெழுத்து. கட்சிக்காரர்கள் முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகம் செய்திருக்கிறார்கள்! பூத் ஸ்லிப்புக்கு வயது இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கவனியுங்கள். நாடுகடத்தப்பட்டவரின் சொத்தைத் தொட மாட்டார்கள். குடியுரிமை போகாது. பத்து ஆண்டு கழித்து வந்து பழையபடி அரசியல் பேசலாம். சிலரை அதற்கு முன்பே திரும்ப அழைத்ததும் உண்டு. கொடுமையான ஏற்பாடுதான், ஆனாலும் தோற்றவருக்குத் திரும்பி வர வழி வைத்த ஏற்பாடு. சாக்ரடீஸுக்கு அது கிடைக்கவில்லை. கி.மு. 399இல் சுமார் 500 நடுவர்கள் வாக்களித்தார்கள், மேல்முறையீடு என்ற ஒன்றே கிடையாது. ஒரே ஊர், ஒரே முறை. பெரும்பான்மையின் முடிவு ஒரு பக்கம் பத்து ஆண்டு, இன்னொரு பக்கம் நஞ்சுக் கோப்பை.

பெர்ன், வெள்ளி

சுவிஸ் பாராளுமன்றத்தின் முன்னால் உள்ள சதுக்கத்தில் தரையிலிருந்து 26 நீர்த்தாரைகள் பீறிடுகின்றன, மாநிலத்துக்கு ஒன்றாக. அவற்றுக்குள் குழந்தைகள் ஓடித் தெப்பமாக நனைகிறார்கள். உள்ளே போனால் கூரையின் கண்ணாடிக் கவிகையில் 22 மாநிலச் சின்னங்கள். கட்டடம் திறந்த 1902இல் அவ்வளவுதான் கணக்கு. 1979இல் சேர்ந்த ஜூராவுக்கு அந்த வட்டத்தில் இடமில்லாமல், தனியே ஒரு வளைவில் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் நண்பரின் உறவினர் வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது ஆண்டுக்கு மேலாக இங்கே. ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. போய் உட்கார்ந்ததும் மேசையில் கிடந்த தபால் உறையைத்தான் காட்டினார். ஆண்டுக்கு நான்கு தடவை வரை இப்படி உறை வரும். உள்ளே வாக்குச்சீட்டு, கூடவே சிவப்பு அட்டை போட்ட சிறு புத்தகம். வாக்கெடுப்புக்கு வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் அரசு என்ன சொல்கிறது, எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விளக்கம். குறித்து, கையெழுத்திட்டு, தபாலில் போட்டுவிடலாம்.

"உங்களுக்கு வந்ததா அண்ணா?" என்றேன்.

"எனக்கெங்கை தம்பி? மகன்ரை பெயருக்கு வந்தது. அவன்தான் சிட்டிசன். புத்தகத்தை முதல் எழுத்திலயிருந்து கடைசி வரைக்கும் வாசிக்கிறது நான். புள்ளடி போடுறது அவன். அவனுக்கு வாசிக்க நேரமில்லையாம்."

சுவிட்சர்லாந்தில் வாழ்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடிமக்கள். நியூஷாட்டல், ஜூரா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் அவர்களை மாநில அளவில் வாக்களிக்க விடுகின்றன. நாடு தழுவிய வாக்கெடுப்பு எவருக்கும் இல்லை. குடியுரிமை வாங்கலாமே என்றால், ஊர் மட்டம், மாநில மட்டம், மத்திய மட்டம் என்று மூன்று கதவையும் தட்ட வேண்டும். எம்மன் என்ற ஊரில் 2000இல் விண்ணப்பதாரர்களின் விவரங்களை அச்சடித்து வீடு வீடாக அனுப்பி, ஊரையே வாக்களிக்க விட்டார்கள். இத்தாலியர்களுக்கு 'ஆம்', பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களுக்கு 'இல்லை'. 2003இல் உச்ச நீதிமன்றம் இந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுத்தியது. ஒரு மனிதனின் தகுதியை முகம் பார்த்து வாக்கெடுப்பு நடத்த முடியாது, மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்றது. நேரடி ஜனநாயகத்தை அதன் தாய்நாட்டிலேயே நீதிபதிகள் கைபிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

அண்ணருக்கு ஆனால் இந்த நாட்டின் மேல் கோபமில்லை. "எங்கடை நாட்டிலயும் வாக்குக்குக் குறைவில்லைத்தானே தம்பி. 1931இலேயே ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வாக்கு. என்ன நடந்தது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டமும், 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் முறையாக வாக்கெடுத்துத்தான் நிறைவேறின. "நீங்கள் கட்டாயம் மூட்டியேக்குப் போங்கோ. தமிழன் பாக்க வேண்டிய ஊர் அது," என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

மூட்டியே, சனி

எந்தச் சுற்றுலாக் கையேடும் இந்த ஊருக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்காது. மலைகளுக்கு நடுவே இயந்திரக் கருவிகள் செய்யும் சின்ன ஊர். ஒரு நாளை இதற்குச் செலவழித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கதை 1815இல் தொடங்குகிறது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு வியன்னாவில் வரைபடம் வரைந்தவர்கள், பிரெஞ்சு பேசும், பெரும்பாலும் கத்தோலிக்கரான ஜூரா பகுதியை, ஜெர்மன் பேசும் புராட்டஸ்டன்ட் பெர்னோடு ஒட்டிவிட்டார்கள். பெர்ன் மாநிலத்துக்குள் இவர்கள் என்றென்றும் சிறுபான்மை. எந்த வாக்கெடுப்பிலும் ஜெயிக்கவே முடியாத எண்ணிக்கை. 1960களில் தீவைப்பு நடந்தது, குண்டும் வெடித்தது. அப்புறம் பெர்ன் ஒரு காரியம் செய்தது. மாநிலம் முழுதும் வாக்களித்தால் ஜூராக்காரர்கள் தோற்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஜூரா பகுதி மட்டும் வாக்களிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தது.

1974இல் ஜூரா 'தனி மாநிலம் வேண்டும்' என்றது. அதற்குள்ளேயே தெற்கு மாவட்டங்களில் பெரும்பான்மை வேண்டாம் என்றிருந்ததால், 1975இல் அவர்களிடம் மட்டும் தனியே கேட்டார்கள். பெர்னோடு இருந்துகொள்கிறோம் என்றார்கள். அடுத்து, எல்லையை ஒட்டிய ஒவ்வொரு ஊரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். மூட்டியே சிறு வித்தியாசத்தில் பெர்னோடு தங்கிற்று. 1978இல் நாடு முழுவதும் வாக்களித்துப் புது மாநிலத்தை ஏற்றது. 1979 ஜனவரி 1 அன்று ஜூரா பிறந்தது, மூட்டியே வெளியே நின்றது.

இங்கே தோற்றவர்கள் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017இல் 137 வாக்கு வித்தியாசத்தில் ஜூராவோடு சேரும் பக்கம் ஜெயித்தது. இப்போது பெர்ன் பக்கம் தோற்றவர்களின் முறை. நகராட்சி ஒருதலையாகப் பிரசாரம் செய்தது, வாக்காளர் பட்டியலில் குளறுபடி என்று புகார் போய், அந்த வாக்கெடுப்பே செல்லாது என்று ஆயிற்று. 2021இல் மத்திய அரசின் பார்வையாளர்களை உட்கார வைத்துக்கொண்டு திரும்ப நடத்தினார்கள். 54.9 சதவீதம் 'ஆம்'. 2026 ஜனவரி 1 முதல் மூட்டியே ஜூராவில்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். என் அரைகுறை பிரெஞ்சு, அவருடைய அரைகுறை ஆங்கிலம். பெர்ன் பக்கம் வாக்களித்தவராம். "சரிதான், போகட்டும்" என்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, ஏகக் கடுப்பு. வரி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பற்றிப் பொரிந்து தள்ளினார். ஊரை விட்டுப் போய்விட்ட குடும்பங்களையும் சொன்னார். அருகில் இருக்கும் பெல்ப்ராவோன் கிராமம் பெர்னோடே இருக்க வாக்களித்ததையும் விரல் நீட்டிக் காட்டினார். நீங்களும் போகிறீர்களா என்று கேட்டேன். "நான் ஏன் போக வேண்டும்? இது என் வீடு" என்றார். பிரிவினைக்கு அரை நூற்றாண்டு வழக்கு நடந்த ஊரில், தோற்ற மனிதர் சாவகாசமாகப் பெஞ்சில் உட்கார்ந்து அன்னியனிடம் தன் அரசைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணர் ஏன் போகச் சொன்னார் என்று புரிந்தது.

கிளாருஸ், ஞாயிறு

மே மாத முதல் ஞாயிறு, கிளாருஸ் மாநிலத்தின் திறந்தவெளிச் சபை நாள். மூன்று பக்கமும் பனி படிந்த மலைச் சுவர். நடுவில் மரப் பலகைகளால் கட்டிய வட்ட அரங்கு. வாக்குரிமை உள்ளவர்கள் நிறச்சீட்டோடு உள்ளே, எங்களைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்கள் வெளியே ஒரு மேடையில். நடுமேடையில் மாநிலத் தலைவர் நீண்ட வாளை ஊன்றியபடி நிற்கிறார். அவர் காலடியில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறை பார்த்துப் பழகட்டும் என்றாம்.

வரி விகிதத்தையே இங்கே நின்றுதான் முடிவு செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மேடை ஏறித் திருத்தம் சொல்லலாம். அந்தத் 'திருத்தம்' சும்மா பேச்சுக்கு அல்ல. 2006இல் 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு முன்மொழிந்தது. ஒரு சாதாரண ஆள் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். சபை அதற்குக் கை தூக்கிவிட்டது. அரசே வாயடைத்துப்போன முடிவு. ஏற்காதவர்கள் 2007இல் சிறப்புச் சபை கூட்ட வைத்தார்கள். அங்கே முன்னைவிட மோசமாகத் தோற்றார்கள். 2011இலிருந்து மூன்றே ஊராட்சிகள். அதே 2007இல்தான் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கினார்கள், சுவிஸ் மாநிலங்களில் முதலாவதாக. அதற்கெல்லாம் முன்பு, 1864இல், ஆலைத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் போட்டதும் இந்தச் சபைதான்.

பார்க்க மெய்சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சீட்டுகள் உயரும்போது நான் கவனித்தது பக்கவாட்டுப் பார்வைகளை. கையைத் தூக்குவதற்கு முன் சிலர் அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். முதலாளியும் வேலையாளும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வட்டத்தில். எண்ணுவதும் இல்லை, தலைவர் கண்ணால் மதிப்பிட்டு எந்தப் பக்கம் அதிகம் என்று அறிவிக்கிறார். சந்தேகம் வந்தால் சக அமைச்சர்களைக் கேட்பார், அவர் சொன்னதே முடிவு. எனக்கு ஏதென்ஸ் நடுவர்களின் இரண்டு விரல்கள் மேல் மரியாதை கூடிவிட்டது.

சபை கலைந்த பிறகு ஊரைச் சுற்றினேன். 1782இல் இந்த ஊர் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணை, எஜமான் வீட்டுக் குழந்தையைச் சூனியத்தால் குண்டூசிகளைத் துப்ப வைத்தாள் என்று குற்றம் சாட்டி, சித்திரவதை செய்து, தலையை வெட்டியது. ஐரோப்பாவில் சூனியக்காரி என்று தண்டிக்கப்பட்ட கடைசிப் பெண்களில் ஒருத்தி. எஜமான் ஊரின் செல்வாக்கான மனிதர். 2008இல் மாநிலச் சட்டமன்றம் அவள் நிரபராதி என்று அறிவித்தது. 226 ஆண்டு தாமதம். தோற்றவருக்கு மறுநாள் என்று நான் எழுதியது அவளுக்கு இத்தனை நீளமாகிவிட்டது.

அப்பென்செல், திங்கள்

சிறு பதிவு. சாயம் பூசிய அழகான வீடுகள், சுவரெல்லாம் சித்திரம். இந்த அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தின் ஆண்கள் 1990 ஏப்ரலில்கூடத் திறந்தவெளியில் கூடி, பெண்களுக்கு மாநில வாக்குரிமை வேண்டாம் என்று கை தூக்கினார்கள். நாட்டளவிலான தேர்தல்களில் 1971இலேயே பெண்களுக்கு வாக்கு வந்தாகிவிட்டது; அதற்கு முன் 1959இல் ஆண்கள் மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்திருந்தார்கள் என்பது தனிக் கதை. 1990 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்திய பிறகுதான் அப்பென்செல் சபைக்குள் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் இன்றும் இடுப்பு வாளைக் காட்டி உள்ளே போகலாம். பெண்களுக்கு அட்டை.

ஆஸ்லோ, வியாழன்

மூட்டியே பதிவைப் படித்துவிட்டு ஒருவர், "அமெரிக்காவை ஏன் தொடவில்லை? பயமா?" என்று கேட்டிருந்தார். விசா இல்லை என்பதுதான் முதல் காரணம். பேச்சுரிமையில் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் வர ஐரோப்பாவில் ஆளில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். தேசியக் கொடியை எரிப்பதும் கருத்து வெளிப்பாடே என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசினால் சிறைகூடக் கிடைக்கலாம். ஆனால் அந்த அமெரிக்காவின் தலைநகரிலேயே வாழும் ஏழு லட்சம் பேருக்கு வாக்களிக்கும் உரிமையுள்ள ஒரு செனட்டர் கிடையாது. 2000இலும் 2016இலும் அதிக மக்கள் வாக்கு வாங்கியவர் ஜனாதிபதியாகவில்லை. இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒரு வரி: முதல் பொதுத்தேர்தலிலேயே எல்லாருக்கும் வாக்கு, அது சுவிஸ் பெண்களுக்கு இருபது ஆண்டு முன்னால். நெருக்கடி நிலை என்ற கறையும் உண்டு, 1977இல் ஆட்சியிலிருந்தவர் தோற்று இறங்கியதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, நார்வே. ஜனநாயகப் பட்டியல்களில் பல ஆண்டுகளாக முதலிடம், பத்திரிகைச் சுதந்திரத்திலும் அப்படியே. வடக்கே ஐட்ஸ்வோலுக்கு ரயிலில் போய் அங்குள்ள பழைய மாளிகையைப் பார்த்துவந்தேன். 1814இல் 112 ஆண்கள் ஆறு வாரத்துக்குள் அரசியல் சட்டம் எழுதிய இடம். அன்றைய ஐரோப்பாவில் அவ்வளவு தாராளமான சட்டம் அரிது. அதன் இரண்டாம் பிரிவிலேயே யூதர்களுக்கு நாட்டுக்குள் அனுமதி இல்லை என்று எழுதினார்கள். கவிஞர் ஹென்ரிக் வெர்கெலாண்ட் அதை நீக்கப் போராடி, முடியாமல் 1845இல் இறந்தார். 1851இல் நீங்கியது. அவர் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னம் ஸ்வீடனின் யூதர்கள் கொடுத்தது. ஜெசூட் பாதிரியார்கள் மேலிருந்த தடை 1956 வரை ஓடியது.

பழங்கதை என்பீர்கள். புதிதும் இருக்கிறது. ஃபோசென் தீபகற்பத்தில், சாமி பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் 151 காற்றாலைகள் நட்டார்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, உரிமங்கள் செல்லாது, சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறியது என்றார்கள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் ஆனதும் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சகங்களின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் பணமும் மாற்று மேய்ச்சல் நிலமுமாக உடன்பாடு வந்தது. ஒரு காற்றாலையும் இறங்கவில்லை.

அந்த அமைச்சகத்தின் வாசலில் போய் நின்றேன். சாதாரண அலுவலகக் கட்டடம். மறித்து உட்கார்ந்தவர்களைப் போலீஸ் தூக்கித்தான் போயிற்று, ஆனால் அமைச்சர் இறங்கி வந்து பேசவும் வேண்டியிருந்தது. என் புள்ளிவிவர நண்பருக்கு நார்வேயைக் கொடுத்துவிடலாம் என்று பாதி மனசு சொல்கிறது. மீதிப் பாதி, வழக்கில் ஜெயித்தும் நிலம் திரும்பாதவர்களுக்கு அந்தப் பட்டியலில் எந்தக் கட்டம் இருக்கிறது என்று கேட்கிறது.

திங்வெட்லிர், ஞாயிறு

ஐஸ்லாந்து. நிலம் பிளந்து இரண்டு கண்டத்தட்டுகள் விலகும் பள்ளத்தாக்கில், கி.பி. 930இல் ஆல்திங் சபை கூடியது. சட்டம் சொல்பவர் பாறையில் நின்று, எழுத்தில் இல்லாத சட்டத்தை ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மனப்பாடமாக ஒப்பிப்பார். அங்கிருந்து சில நிமிட நடையில், பெண்களை மூழ்கடித்துக் கொன்ற குட்டை. 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு 18 பெண்கள், குழந்தைக் கொலை, முறைதவறிய உறவு போன்ற குற்றங்களுக்காக.

வழிகாட்டியாக வந்த அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். புது அரசியல் சட்டம் பற்றி நானே பேச்சை எடுத்தேன். 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபின், குலுக்கலில் தேர்ந்த சுமார் 950 பேர் கூடிப் பேசினார்கள். 25 பேர் கொண்ட குழு வரைவு எழுதியது. வாராவாரம் இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு 'ஆம்'. பாராளுமன்றம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. 2020இல் ரெய்க்யவிக்கில் "புது அரசியல் சட்டம் எங்கே?" என்று சுவரில் எழுதினார்கள். அதிகாரிகள் கழுவினார்கள். இன்னும் பெரிதாக வேறொரு சுவரில் எழுதினார்கள். ஏதென்ஸிலிருந்து தோற்றவர்களைப் பற்றியே எழுதிவருகிறேன். இங்கே ஜெயித்தவர்கள் காத்திருக்கிறார்கள், இது அநியாயம் இல்லையா என்றேன்.

"நான் 'இல்லை' என்று வாக்களித்தவள்" என்றார் அவர்.

பிறகு நிதானமாகக் கணக்குச் சொன்னார். வாக்களிக்க வந்ததே பாதிப் பேர். அது ஆலோசனை வாக்கெடுப்புதான், கட்டுப்படுத்தாது. இருக்கிற சட்டப்படி அரசியல் சட்டத்தை மாற்ற ஒரு பாராளுமன்றம் ஏற்று, தேர்தல் நடந்து, அடுத்த பாராளுமன்றமும் ஏற்க வேண்டும். அவசரத்தில் எவனும் மாற்றிவிடக்கூடாது என்றுதானே அப்படி வைத்தார்கள்? சுவரைக் கழுவியது மட்டும் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

அரசியல்வாதிகள் விதியைக் காட்டித் தப்பிக்கிறார்கள் என்றேன்.

"2013 ஏப்ரலில் தேர்தல் வந்தது. வரைவை விரும்பாத கட்சிகள் ஜெயித்தன. ஆறு மாதம் முன்னால் 'ஆம்' என்ற அதே நாடுதான் வாக்களித்தது. இரண்டில் எந்த வாக்கு மக்களுடையது? நீங்கள் இத்தனை நாடு பார்த்துவிட்டு வந்தவர், சொல்லுங்கள்."

பிந்தியது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் மூட்டியேயில் 1975ஏ போதுமே என்று நானே நிறுத்திக்கொண்டேன். அவர் விடவில்லை. பேருந்து நிற்கும் இடம் வரை கேட்டுக்கொண்டே வந்தார், ரெய்க்யவிக் வரும்வரை பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்துகொண்டார். வாடகை வீட்டுப் பிரச்சினை, மீன்பிடி உரிமம் யார் கையில், ஐரோப்பிய ஒன்றியம் வேண்டுமா என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. மீன் உள்ளிட்ட இயற்கை வளங்கள் நாட்டுக்குச் சொந்தம் என்ற அந்த ஒரு பிரிவை மட்டும் தானும் ஆதரித்திருப்பேன் என்றார், தனியாகக் கேட்டிருந்தால். உண்மையில் 2012 வாக்குச்சீட்டில் அது தனிக் கேள்வியாகவே இருந்தது என்று நினைவூட்டினேன். "ஆமாம், அதற்கு 'ஆம்' போட்டேன். அதையும்தான் செய்யவில்லை" என்று சொல்லி, முதல் தடவையாகக் கோபப்பட்டார்.